ஒண்ணேகால் கிலோ தட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போட்டோ எடுத்து அனுப்பிய ஜிம் நோட்டை வரிவரியாகப் பார்த்தேன். விடாமல் எழுதி வைத்திருக்கிறாயே, அதுவே பாதி வேலை. மீதிப் பாதியில்தான் கோளாறு. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் பத்து வாரமாக 30 கிலோவிலேயே நிற்கிறது. ஒரு வாரம் ஸ்குவாட், அடுத்த வாரம் லெக் பிரஸ், அதற்கடுத்த வாரம் ஏதோ வீடியோவில் பார்த்த லஞ்சஸ். எதையும் அடுத்தடுத்து மூன்று தடவை செய்ததாகத் தெரியவில்லை. உடம்பைக் குழப்பினால்தான் வளரும் என்று கோச் சொன்னாராம். குழம்பியது நோட்டுதான் கண்ணு. போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

முதல் இரண்டு மாதத்தில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு சதை பெருத்து வருவதல்ல. இருக்கிற தசை இழைகளைச் சேர்த்து இழுக்க நரம்பு பழகிக்கொள்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால்தான் அது படியும். இந்தக் கட்டத்தில் கண்ணாடி உனக்கு எதுவும் காட்டாது.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் போதும். ஸ்குவாட் மூன்று நாளும். தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸும், படுத்துக்கொண்டு தூக்கும் பெஞ்சும் ஒரு நாள் அது, ஒரு நாள் இது. தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் வாரம் ஒரு தடவை. வெறும் கம்பி 20 கிலோ, அதில் 10 ஸ்குவாட். 25 கிலோவில் 5. பிறகு 30 கிலோவில் ஐந்தைந்தாக 3 செட். நடுவில் மூன்று நிமிடம் முழுதாக உட்கார். மூன்று செட்டும் ஒழுங்காக முடிந்தால் மட்டும் அடுத்த நாள் பக்கத்துக்கு ஒண்ணேகால் கிலோ தட்டு, ஆக 32.5. இலேசாக இருக்கிறதே, பத்து கிலோ ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றாதே. தசை சீக்கிரம் தேறிவிடும், அதை எலும்போடு கட்டும் தசைநாண் மெதுவாகத்தான் தேறும். முட்டி வலி பல நேரம் இந்த அவசரத்தில்தான் வருகிறது.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1940-களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் காயம்பட்ட சிப்பாய்களுக்கு இப்படித்தான் எடை கொடுத்தார். பத்து தடவை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, முதல் செட்டில் அதில் பாதி, அடுத்ததில் முக்கால், மூன்றாவதில் முழு எடை. பலம் கூடக் கூட அந்த எடையும் கூடும். ஒரு தடவை தூக்கினால் ஒரு ரெப், அதன் தொகுப்பு ஒரு செட் என்று இன்று எல்லோரும் எண்ணுவதில் அவர் முறைக்குப் பெரிய பங்குண்டு.

இன்னொன்று, நீ சிரமமே படாத நாட்கள் நோட்டில் நிறைய இருக்கின்றன. 30 கிலோவில் எட்டு எடுத்து வைத்துவிட்டாய், பதினைந்து வந்திருக்கும். இப்படி எடை ஏறிக்கொண்டே போனால் ஐந்தே கஷ்டமாகும், எழும்போது கம்பியின் வேகம் தானாகக் குறைய வேண்டும். இன்னும் ஒன்றோ இரண்டோதான் வரும் என்கிற இடத்தில் நிறுத்து. முட்டி உள்ளே மடங்கினாலோ, குதிகால் தூக்கினாலோ, இடுப்பு வளைந்தாலோ அந்த ரெப் கணக்கில் சேராது. மறுநாள் வலிக்கிறதா என்பதை அளவுகோலாக வைக்காதே. பழகாத எதைச் செய்தாலும் வலிக்கும், தீபாவளிக்கு ஒட்டடை அடித்தாலும் வலிக்கும்.

பிரஸ்ஸில் நீ தேங்கியதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன், அது வெறும் கணக்கு. 60 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ நூற்றுக்கு நாலு. 20 கிலோ பிரஸ்ஸில் அதே 2.5 நூற்றுக்குப் பன்னிரண்டரை. அங்கே எடையை விட்டுவிட்டு எண்ணிக்கையை ஏற்று. 5, 5, 5 என்பது 8, 8, 8 ஆகும்வரை 20-இலேயே இரு, பிறகு 22.5-க்குப் போய் மறுபடி ஐந்திலிருந்து தொடங்கு. அரைக் கிலோ மணிக்கட்டுப் பட்டை ஒரு ஜோடி கிடைத்தால் கம்பியின் இரு முனையிலும் சுற்றிக்கொள். 21 கிலோ ஆகிவிடும்.

நடுவில் 12 நாள் விட்டுவிட்டு, அதை ஈடுகட்ட ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டிருக்கிறாய். பன்னிரண்டு நாளில் பலம் அவ்வளவாகக் குறையாது. பத்தில் ஒரு பங்கு எடையைக் குறைத்து ஆரம்பித்தால் மூன்றாவது தடவைக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். உடம்புக்கு ஆகாத நாளில் வார்ம்-அப்பும் ஒரு செட்டும் போட்டுவிட்டு வா, இருபது நிமிடம்தான். காய்ச்சல் என்றால் போகவே போகாதே.

சாப்பாட்டைப் பற்றி அம்மா தனியாகச் சொல்வாள். உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் புரதம், உன் 55 கிலோவுக்கு 88 கிராம். மெஸ் போஹாவில் அது நடக்காது. ஒரு முட்டையில் ஆறு கிராம், 50 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் ஏறக்குறைய 26. மீதிக்கு நீயே கணக்குப் போடு.

உங்கள் ஜிம்மில் மிகச் சின்னத் தட்டே 2.5 கிலோ என்கிறாய். ஒண்ணேகால் கிலோவில் ஒரு ஜோடி வாங்கிப் பார்சல் போடுகிறேன். தட்டு மாட்டும் முனை 50 மில்லிமீட்டரா, அதைவிடச் சின்னதா என்று ஸ்கேல் வைத்து அளந்து சொல்.

அப்பா