ஒன்பதாவது இன்னிங்கை ஒருவருக்கே எழுதிவைக்க வேண்டாம்: புளூ ஜேஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கழகத் தலைவர் மார்க் ஷப்பிரோ, பொது முகாமையாளர் ரொஸ் அட்கின்ஸ், அணி முகாமையாளர் ஜோன் ஷ்னைடர் ஆகியோருக்கு,

வணக்கம். 2024 இல் 88 ஆட்டங்களில் தோற்றுத் தன் பிரிவின் கடைசி இடத்தில் கிடந்த ஒரு பேஸ்போல் அணியை, அடுத்த ஆண்டே 94 வெற்றிகளுடன் அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவின் முதலிடத்துக்கு உயர்த்தி, பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரில், வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டங்களுள் ஏழாவதின் பதினோராவது இன்னிங் வரை கொண்டுசென்றவர்கள் நீங்கள். 1993 இல் ஜோ கார்ட்டர் அடித்து உலகத் தொடரை வென்றுதந்த ஹோம் ரன்னுக்கு (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடிக்கு) பிறகு ரொறன்ரோ இப்படி ஓர் ஒக்ரோபர் மாதத்தைக் கண்டதில்லை. அதற்கான நன்றியை முதலில் சொல்லிவிட்டே, புதிய பருவத்தின் வாசலில் நிற்கும் உங்களிடம் ஓர் இரசிகரின் கோரிக்கையை முன்வைக்கிறேன்.

என் கோரிக்கை இதுதான். உங்கள் துடுப்பாட்டம் ஒரு கொள்கையின் மேல் கட்டப்பட்டது; அந்தக் கொள்கையை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள். ஆட்டத்தைத் தொடங்கியவருக்குப் பின் வருபவர்களின் பந்துவீச்சு, அதாவது உங்கள் ரிலீஃப் பந்துவீச்சோ, அவ்வாறு கட்டப்படவில்லை. அது தனித்தனித் திறமைசாலிகளின் சேர்க்கையாகவும், யாருக்கு எந்த இன்னிங் என்ற வழக்கமாகவும் மட்டுமே இருந்துவருகிறது. துடுப்பாட்டத்தில் காட்டிய அதே தெளிவை, அந்தப் பந்துவீச்சாளர் குழுவான புல்பென்னிலும் காட்டுங்கள்.

துடுப்பாட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தை எல்லைக்கு வெளியே அனுப்புவதற்காக முழுப் பலத்தோடு மட்டையைச் சுழற்றி, பல தடவைகளில் வெறுங்காற்றை வெட்டிவிட்டுத் திரும்புவதே இன்றைய பேஸ்போலின் பொது இயல்பாகிவிட்டது. டேவிட் பொப்கின்ஸ் துடுப்பாட்டப் பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டிலேயே உங்கள் வீரர்கள் அந்தப் போக்குக்கு எதிர்த்திசையில் நடந்தார்கள். பந்தைத் தொடுவது, ஆடுகளத்துக்குள் போடுவது, எதிரணியைப் பிடிக்கவும் எறியவும் ஓடவும் வைப்பது என்ற முறையில், முப்பது அணிகளுள்ளும் உயர்ந்த 0.265 என்ற அணித் துடுப்பாட்டச் சராசரியை எட்டினார்கள். விளாடிமிர் குரேரோ, பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகளான பிளேஓஃப் சுற்றுகளில் அடித்த எட்டு ஹோம் ரன்களை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அவருடன் 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது சரியே என்பதை அந்த ஒரே மாதம் காட்டிவிட்டது. ஆனால் என் மனத்துக்கு அதைவிட நெருக்கமானது ஏர்னி கிளெமென்ற் அதே சுற்றுகளில் குவித்த 30 ஹிட்கள் (பாதுகாப்பாகத் தளத்தை அடையவைக்கும் அடிகள்). ஒரே ஆண்டின் பிளேஓஃப் ஆட்டங்களில் வேறெந்த வீரரும் அவ்வளவு அடித்ததில்லை. பெரிய சம்பளமோ பெரிய பெயரோ இல்லாமல் வந்த ஒருவர் அந்தச் சாதனையைச் செய்தார் என்பதே உங்கள் கொள்கை தனிமனிதர்களைச் சார்ந்திருக்கவில்லை என்பதற்குச் சான்று. உலகத் தொடரில் இறுதியில் நம்மை வென்ற லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்கில் ஒன்பது ஓட்டங்கள் வந்தபோது, மாற்று வீரராக வந்த அடிசன் பார்ஜர் கிராண்ட் ஸ்லாம் (தளங்கள் மூன்றும் நிறைந்திருக்க நான்கு ஓட்டங்கள் தரும் ஹோம் ரன்) அடித்ததைத்தான் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அவருக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராகப் பொறுமையுடன் தளங்களுக்குச் சென்றவர்களையும் நாங்கள் பார்த்தோம்.

இப்போது போ பிஷெற் அணியில் இல்லை. கடந்த ஆண்டு 0.311 சராசரியில் ஆடியவரும், ஏழாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் ஒட்டானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தவருமான அவர் நியூயோர்க் மெற்ஸுக்குச் சென்றுவிட்டார். அவரை இழந்தது எனக்கு வலிக்கிறது. அந்த முடிவின் கணக்கு வழக்கைப் பற்றி இங்கே வாதிட விரும்பவில்லை. யப்பானின் யோமியூரி ஜயன்ற்ஸிலிருந்து வந்திருக்கும் கசுமா ஒகமோட்டோவை மனமார வரவேற்கிறேன். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: பிஷெற் போனதால் ஏற்பட்ட குறையை ஹோம் ரன்களால் மட்டுமே நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் பருவத்தின் நடுவே, ஓட்டங்கள் வற்றும் ஏதேனும் ஒரு மாதத்தில், மெல்லத் தலைதூக்கக்கூடும். 2024 இல் பல்ரிமோருக்காக 44 ஹோம் ரன்கள் அடித்த அன்ரனி சன்டண்டேரைப் பெரும் ஒப்பந்தத்தில் கொண்டுவந்தீர்கள். காயத்தால் அவரது முதல் ஆண்டு வீணாயிற்று. அவர் இல்லாமலேயே அணி உலகத் தொடருக்குச் சென்றது என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பாட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்கில், ஓட்டங்கள் சமனாக, ஒரே ஒருவர் ஆட்டமிழந்த நிலையில், மூன்று தளங்களும் நிறைந்திருந்தன. டோல்ரன் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை டொட்ஜர்ஸின் மிகுவேல் ரோஹாஸ் தடுமாறியபடி பிடித்து, ஓட்டம் நிறைவடையும் ஹோம் தளத்துக்கு எறிய, மூன்றாம் தளத்திலிருந்து ஓடிய கைனர்-ஃபலேஃபா மயிரிழையில் ஆட்டமிழந்தார். அவர் தளத்தை ஒட்டியே நின்றிருந்தார். முந்தைய இரவு ஆறாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் பார்ஜர் இரண்டாம் தளத்துக்குத் திரும்ப முடியாமல் அகப்பட்டதன் அச்சம் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் பந்தை ஆடுகளத்துக்குள் போடுவதையே தன் பலமாகக் கொண்ட அணி, அந்தப் பந்து தரையைத் தொட்ட கணத்திலேயே ஓடத் தயாரான தூரத்தில் தன் ஓட்டக்காரரை நிறுத்தாவிட்டால், அந்தப் பலத்தின் பாதிப் பயனை இழந்துவிடுகிறது. பதினோராவது இன்னிங்கிலும் குரேரோ மூன்றாம் தளம் வரை வந்து அங்கேயே நின்றுபோனார். தளங்களுக்கிடையிலான ஓட்டத்தை, குறிப்பாக மூன்றாம் தளத்தில் நிற்பவரின் முடிவுகளை, துடுப்பாட்டத்தின் ஓர் உறுப்பாகவே கருதிப் பயிற்சி அளிக்க வேண்டும்.

இனி நான் இம்மடலை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

ஒக்ரோபர் 17 அன்று சியாட்டிலில், லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங் தொடங்கும்போது 2-1 என்று நாம் முன்னணியில் இருந்தோம். எதிரே வந்தவர் கல் ராலி. அந்தப் பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்தவர். அந்த ஆட்டத்தின் மிக ஆபத்தான தருணம் எது என்று அரங்கில் இருந்த யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அனுப்பப்பட்டவர் பிரெண்டன் லிற்றில். ராலி ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அடுத்த இருவருக்கு லிற்றில் வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் தளம்) கொடுத்தார். அவருக்குப் பதிலாக வந்த செரன்தனி டொமிங்கேஸின் பந்து ஒருவரைத் தாக்கித் தளங்களை நிரப்ப, யுஹேனியோ சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். 6-2. ஒன்பதாவது இன்னிங்கில் முன்னிலையைக் காக்கும் பந்துவீச்சாளர், அதாவது அணியின் குளோசரான ஜெஃப் ஹொஃப்மன் அந்த நெருக்கடிக்கு அழைக்கப்படவில்லை, ஏனெனில் அது எட்டாவது இன்னிங்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் காட்சி நன்கு பழக்கமானது: தன் மிகச் சிறந்த பந்துவீச்சாளரைக் கடைசி ஓவருக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த அணித்தலைவர், பதினெட்டாவது ஓவரிலேயே ஆட்டத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்பார்.

நான் லிற்றிலைக் குறை சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கமான பருவத்தில் 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவரை அனுப்பினீர்கள். முதற்பாதியில் துடுப்பாட்ட வீரர்களைத் திணறடித்த அவரது பந்துகள் பிற்பாதியில் கட்டுப்பாட்டை இழந்து வாக்குகளாக மாறியதை நீங்களும் பார்த்தீர்கள், நாங்களும் பார்த்தோம். உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் நீண்டபோது, ஃபிரெடி ஃபிரீமன் அதை முடித்துவைத்த ஹோம் ரன்னும் அவரது பந்திலேயே அடிக்கப்பட்டது. லூயி வார்லண்ட் 15 பிளேஓஃப் ஆட்டங்களில் பந்து வீசினார். ஒரே ஆண்டில் அத்தனை பிளேஓஃப் ஆட்டங்களில் வேறெந்தப் பந்துவீச்சாளரும் வீசியதில்லை. அதை அவரது மனவுறுதியின் சாதனையாகக் கொண்டாடுகிறேன். ஆனால் நம்பிக்கைக்குரிய கைகள் புல்பென்னில் எவ்வளவு குறைவாக இருந்தன என்பதன் அளவுகோலும் அதுவே.

ஹொஃப்மனைப் பற்றியும் நேராகவே பேச வேண்டும். கடந்த பருவத்தில் 33 ஆட்டங்களைக் காப்பாற்றிய அவர், 15 ஹோம் ரன்களையும் கொடுத்தார். ஒரு நேரத்தில் ஓர் இன்னிங் மட்டுமே வீசும் ஒருவருக்கு அது மிக அதிகம். நவம்பர் 1 அன்று, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், வெற்றிக்கு இன்னும் இரண்டே பேர் ஆட்டமிழக்க வேண்டியிருந்த நிலையில், வரிசையின் கடைசி இடத்தில் ஆடிய ரோஹாஸ் அவரது பந்தில் அடித்துச் சமன் செய்த ஹோம் ரன் அந்தப் பருவம் முழுவதும் தெரிந்த பலவீனத்தின் தொடர்ச்சிதான். வானத்திலிருந்து விழுந்த இடி அல்ல. அதே மனிதர்தான் பன்னிரண்டு நாட்களுக்கு முன் சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தை முடித்துவைத்து, அதில் முன்னிலை தந்த ஜோர்ஜ் ஸ்பிரிங்கரின் ஹோம் ரன்னுக்கு அர்த்தம் கொடுத்தவர். தோல்விக்குப் பின் பழியைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்ட அவரது நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். அவரை அணியிலிருந்து நீக்குமாறு நான் கேட்கவில்லை. துடுப்பாட்ட வீரர்களைப் பந்தைத் தொடவே விடாமல் வெளியேற்றும் ஆற்றல் அவரிடம் இருக்கிறது. மூன்றாம் தளத்தில் ஒருவர் நிற்கும்போது, அது ஏழாவது இன்னிங்காக இருந்தாலும், அவரைத்தான் அழைக்க வேண்டும். ஓர் ஓட்ட முன்னிலையோடு, தளங்கள் வெறுமையாக, ஒரு ஹோம் ரன் மட்டுமே நம்மைக் கெடுக்கக்கூடிய நிலையில், அதை எளிதில் கொடுக்காத வேறொருவர் வேண்டும்.

அந்த வேறொருவரை நீங்கள் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்பதே இந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். ரைலர் ரொஜர்ஸ் தரைக்கு மிக அருகிலிருந்து கையைச் சுழற்றி வீசுபவர். அவரது பந்து வேகமானதல்ல. ஆனால் அவர் வாக் கொடுப்பது மிக அரிது, அவரது பந்தை வானத்துக்கு அடிப்பதும் கடினம். அன்ரெஸ் கிமெனெஸும் கிளெமென்ற்றும் காக்கும் உள்வட்டத்துக்கு அவரைப் போன்ற பந்துவீச்சாளர் மிகவும் பொருந்துவார். ஹொஃப்மனையும் அவரையும் எட்டாவது, ஒன்பதாவது என்று இன்னிங்கால் பிரித்துவிட்டால், இந்தப் பொருத்தத்தின் பயன் முழுவதும் போய்விடும். எதிரே வருபவர் யார், தளங்களில் எத்தனை பேர் என்பதே அவர்களைப் பிரிக்க வேண்டும்.

இது புதிய எண்ணமும் அல்ல. 1992 இல் டுவெய்ன் வார்ட், டொம் ஹெங்கே என்ற இருவர் ஆட்டங்களின் கடைசிப் பகுதியை இரும்புக் கதவாக அடைத்தார்கள். ஆனாலும் அற்லான்ராவில் நடந்த ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்கில் ஹெங்கே சமன் செய்யும் ஓட்டத்தைக் கொடுத்தார். பிறகு தொடக்கப் பந்துவீச்சாளரான ஜிம்மி கீ உள்ளே வந்து ஆட்டத்தைத் தாங்கினார். பதினோராவது இன்னிங்கில் கடைசி வீரரை ஆட்டமிழக்கச் செய்தவர் மைக் ரிம்லின். இந்த நகரத்தின் முதலாவது உலகத் தொடர் வெற்றியை முடித்துவைத்தவர் குளோசர் அல்ல.

கடந்த ஆண்டு டொட்ஜர்ஸும் இதையே செய்தார்கள். தங்கள் புல்பென்னை நம்ப முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே ஏழாவது ஆட்டத்தில் கிளாஸ்னோ, ஸ்னெல், முந்தைய இரவுதான் ஆறு இன்னிங்ஸ் வீசியிருந்த யமமோட்டோ எனத் தொடக்கப் பந்துவீச்சாளர்களையே ஒருவர் பின் ஒருவராக இறக்கினார்கள். நீங்களும் யெசவேஜையும் பீபரையும் இறக்கினீர்கள். ஆனால் அது அந்த ஓர் இரவின் அவசரமாக மட்டும் இருக்கக் கூடாது. டிலன் சீஸ் வந்த பிறகு உங்களிடம் தொடக்கப் பந்துவீச்சாளர்கள் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். மூன்றாவது ஆட்டத்தில் எரிக் லோவர் ஓட்டமே கொடுக்காமல் நான்கு இன்னிங்ஸுக்கும் மேல் வீசியதை நினைத்துப்பாருங்கள். அவரைப் போன்ற ஒருவரை ஏப்ரல் முதலே நீண்ட ரிலீஃப் பணிக்குப் பழக்கினால், லிற்றிலும் வார்லண்டும் மேசன் ஃபுளுஹார்ட்டியும் கோடையிலேயே களைத்துப்போக மாட்டார்கள்.

அணி முகாமையாளர் ஷ்னைடர் அவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பருவத்தின் முதல் வாரத்தில் நிருபர்கள் உங்களிடம் இந்த ஆண்டின் குளோசர் யார் என்று கேட்பார்கள். ஒரு பெயரைச் சொல்லாதீர்கள். ஒன்பதாவது இன்னிங் எவருக்கும் சொந்தமல்ல, ஆட்டத்தின் மிகக் கடினமான மூன்று வீரர்கள் எப்போது வருகிறார்களோ அப்போதே எங்கள் மிகச் சிறந்த கை வரும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீரர்களிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் அவ்வாறு செய்து ஓர் ஆட்டம் கைநழுவினால், அதற்காக உங்களைத் திட்டாத இரசிகர்களுள் ஒருவராக நான் இருப்பேன்.

மிக்க அன்புடனும் மதிப்புடனும்,
ரொறன்ரோவிலிருந்து ஒரு புளூ ஜேஸ் இரசிகர்