எமது தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி கழுவப்பட்டது. காலி வீதிப் பக்கக் கேற்றுக்கு விளக்குப் போட்டாயிற்று. லிப்ட் திருத்தப்பட்டது, மீண்டும் திருத்தப்படும். இனி சங்கத்தின் வட்ஸ்அப் குழுமத்துக்கு வருகிறேன். அங்கேதான் சங்கதி இருக்கிறது.

இவ்வாண்டு அக்குழுமத்துக்குச் சங்க அலுவலை விட அதிர்ஷ்டமே அதிகம் வந்தது. இலவச டேட்டா, ஏதோவொரு கடையின் ஆண்டு நிறைவுப் பரிசு, சுற்றினால் கைபேசி விழும் சக்கரம். ஆர் சுற்றினாலும் பரிசு விழும். கையில் கிடைக்க மட்டும் லிங்க்கை இருபது பேருக்கு அனுப்ப வேண்டும். வந்த செய்தியொன்றை ஒரு தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வட்ஸ்அப் 2019இலேயே கட்டுப்படுத்திவிட்டது. எமது மூத்த உறுப்பினர் ஒருவர் மனந்தளராமல் நாலு தரமாக அனுப்பினார். கைபேசி வந்தால் சங்கத்துக்கே அன்பளிப்புச் செய்வதாக அறிவித்திருக்கிறார். நன்றி.

தபால் திணைக்களத்தின் பெயரில், "பொதி வந்திருக்கிறது, முகவரி பிழை, கட்டணம் செலுத்தவும்" என்ற போலிக் குறுஞ்செய்தியும் பலருக்கு வந்தது. தபால் திணைக்களத்தின் இணையத்தள முகவரி ஜிஓவி டொட் எல்கே என்று முடியும். இது வேறெதிலோ முடிந்தது. மூன்றாம் மாடி அன்ரிக்கு அதைப் பார்க்கவே தேவைப்படவில்லை. "கனடாவில இருக்கிற என்ர மகனே ஒண்டும் அனுப்பேல்லை, வேற ஆர் எனக்குப் பார்சல் அனுப்பப் போகினம்?" என்று அழித்துவிட்டார்.

பொருளாளரின் வட்ஸ்அப் களவு போனது யாவரும் அறிந்ததே. "அண்ணை, என்ர கோட் ஒண்டு பிழையா உங்களுக்கு வந்திட்டுது, ஒருக்கா அனுப்புங்கோ" என்று தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து செய்தி வர, இவரும் அந்த ஆறு இலக்கத்தை அனுப்பினார். அது பொருளாளரின் சொந்த வட்ஸ்அப் கணக்கையே திறக்கும் இலக்கம். சற்று நேரத்தில் அவர் பெயரிலேயே எல்லோருக்கும் "அவசரம், இருபதாயிரம் போடேலுமே? நாளைக்குத் தாறன்" என்று போயிற்று. செயற்குழு வேதனையுடன் பதிவு செய்வது யாதெனில், உண்மையான பொருளாளர் மாதக்கணக்காகக் கெஞ்சியும் பராமரிப்புக் கட்டணம் கட்டாத இருவர், போலிப் பொருளாளருக்கு அன்றைக்கே ஒன்லைனில் காசு போட்டார்கள். பற்றுச்சீட்டும் கேட்கவில்லை. இருவரும் பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளனர். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென இருக்கிறது. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டை 101இல் அழைக்கலாம்.

இதன்பின், எமது தொடர்மாடியில் உயர்தரம் படிக்கும் பிள்ளையொருத்தி ஒரு ஞாயிறு கீழே மேசை போட்டு, எல்லோருடைய வட்ஸ்அப்பிலும், அந்தக் கோட்டோடு இன்னொரு இரகசிய இலக்கமும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுத் தந்தாள். அதற்கான இரகசிய இலக்கத்தை மறந்துபோகாமல் இருக்க இருவர் குழுமத்திலேயே பதிந்தார்கள். அவை அழிக்கப்பட்டுவிட்டன.

அடுத்து பொருளாளர் கணக்கறிக்கையைச் சமர்ப்பிப்பார். நிலுவை உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் நேரில் கட்டலாம். அவர்தானா என்று சந்தேகம் இருந்தால் தொட்டும் பார்க்கலாம்.