சிரிக்கும்போது சலம் போகுதா என்று நீங்களே கேளுங்கள்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், கிறவல் றோட்டில் ஸ்கூட்டி ஓட்டி எங்கள் படலை வரை வரும் குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 61. மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு நோ தொடங்கியது ஓர் இரவில். அப்போது மண்முனைத் துறையில் பாலம் இல்லை, அது 2014இல்தான் வந்தது. விடிந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு வரும்வரை கரையில் கிடந்து, பிறகு வாவியைக் கடந்து, கடைசியில் பிள்ளை பிறக்கும்போது அடுத்த நாள் பொழுது பட்டுவிட்டது. அந்த நோவை மறந்துவிட்டேன். அது உடம்பில் விட்டுப் போனதை மறக்க முடியவில்லை. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் எனக்குச் சலம் கசியும்.

நாற்பது வயதில் துளித்துளியாக இருந்தது, ஐம்பதில் துணி நனையும் அளவுக்கு வந்தது. ஒருநாள் வீட்டுக்காரரோடு சேர்ந்திருந்த நேரத்திலும் போய்விட்டது. இருட்டு; அவருக்குத் தெரிந்ததோ தெரியாது, நான் கேட்கவில்லை. எழும்பிப் போய் விறாந்தையில் பாயைப் போட்டவள்தான், ஆறு வருஷம் அந்த அறைக்குள் படுக்கவில்லை. "உள்ளுக்கு வெக்கையாக் கிடக்கு" என்று சொன்னேன். மார்கழி அடைமழைக்குள் வெக்கை என்று சொன்ன ஒரே பெண் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர் கேட்காததற்குக் காரணம் பின்னாளில்தான் தெரிய வந்தது. அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சீனி வருத்தம். அது அவருக்கும் ஒரு குறையைக் கொடுத்திருந்தது. ஆண்களுக்கு வரும் அந்தக் குறையை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். தன்னால் முடியாமல் போனதால்தான் நான் வெளியே போய்ப் படுத்தேன் என்று அந்த மனிசன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் என் சலத்தை மறைத்தேன், அவர் தன் சீனியை மறைத்தார். பகலில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தேத்தண்ணி குடித்தோம்.

அதற்கிடையில் நான் சும்மா இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை துணிந்து ஆசுபத்திரிக்குப் போனேன், எந்த ஆசுபத்திரி என்பது இங்கே வேண்டாம். இருந்த டொக்டர் சிங்களம் பேசுபவர். நல்ல பிள்ளை, என் மகன் வயதிருக்கும். எனக்குச் சிங்களம் கொஞ்சம் வரும், ஆனால் இந்த விஷயத்தைச் சொல்லும் அளவுக்கு வராது. மொழிபெயர்க்கக் கூப்பிட்டது வாசலில் நின்ற ஓர் ஆண் ஊழியரை. அவர் என்னிடம் திரும்பி, பின்னால் வாங்கில் இருந்த முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மாக்குச் சலம் போறதாமா? எப்ப எப்ப போகுது?" என்றார். வாங்கில் நான் படிப்பித்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். "இல்ல, சலக்கடுப்பு, எரியுது" என்று பொய் சொன்னேன். எரிவுக்கு மருந்து தந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அதை வாவிக்குள் எறிந்தேன்.

என் கதை திரும்பியது ஒரு கலியாண வீடியோவால். அவுஸ்திரேலியாவில் தாதியாக இருக்கும் என் தங்கையின் மகள் வீடியோவைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் அழைத்தாள். "பெரியம்மா, தும்ம முதல் ஏன் காலப் பின்னிக்கிறீங்க?" என்று கேட்டாள். இருபது வருஷமாகச் செய்துவருகிறேன், எனக்கே தெரியாது. அவள் விடவில்லை. "எப்பயிருந்து? தண்ணி குடிக்கிறத்தக் குறைச்சிட்டீங்களா? பெரியப்பாவோட எப்படி?" என்று அடுத்தடுத்துக் கேட்டாள். அந்தக் கடைசிக் கேள்வியில் அழுதுவிட்டேன். தூக்கி வளர்த்த பிள்ளை கேட்கிறாளே என்ற வெட்கத்தைவிட, ஒருத்தியாவது கேட்டாளே என்ற ஆறுதல் பெரிதாக இருந்தது.

இந்த மடல் அந்தக் கேள்வியைப் பற்றியது. உங்களிடம் புதுக் கட்டடம் கேட்கவில்லை, மெஷின் கேட்கவில்லை. நாங்கள் வாய் திறக்கமாட்டோம். முதலில் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

தங்கச்சி மகள் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். இடுப்பு எலும்புக் கூட்டின் அடியில் ஏணை கட்டினது மாதிரி ஒரு தசை இருக்கிறது. சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கி நிற்பது அது. கணவன் மனைவி சேரும்போது இறுகித் தளர்வதும், உச்சத்தில் துடிப்பதும் அதே தசைதான். பிள்ளைப்பேறு, பாரம் தூக்கல், தீராத இருமல், மலச்சிக்கல், உடம்பு போடுதல் என்று ஏணைச்சீலை தொய்கிறது. தொய்ந்தால் சலமும் கசியும், மற்றச் சுகமும் குறையும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைவதால் அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டுபோகிறது. சேர்ந்தால் நோகும், அடிக்கடி சலம் முட்டும், சலத்தில் கிருமியும் தொற்றும். இதையெல்லாம் நாங்கள் தனித்தனி வருத்தம் என்று நினைக்கிறோம். ஒன்றுக்குக் கைமருந்து, ஒன்றுக்குக் கோயில் நூல், ஒன்றுக்கு விறாந்தையில் பாய்.

எல்லாக் கசிவும் ஒன்று இல்லை. இருமும்போது போவது ஒரு வகை. "வந்துட்டு, வந்துட்டு" என்று ஓடி, கக்கூசுக் கதவைத் திறக்க முதல் போய்விடுவது இன்னொரு வகை. அதில் சலப்பை தன்பாட்டில் சுருங்குகிறது. சேரும் நேரத்துக் கசிவிலும் இதே வித்தியாசம் உண்டு. தொடக்கத்திலேயே கசிந்தால் பெரும்பாலும் தாங்கும் தசையின் பலவீனம். உச்சத்தில் போனால் சலப்பையின் துடிப்பு காரணமாக இருக்கலாம். முதலாவதற்குத் தசைப் பயிற்சி. இரண்டாவதற்கு நேரம் வைத்து அடக்கிப் பழகுவது, தேத்தண்ணி கோப்பியைக் குறைப்பது, தேவையென்றால் மாத்திரை. ஆகவே "சலம் போகுதா?" என்று மட்டும் கேட்டால் காணாது. எப்போது போகிறது என்றும் கேட்க வேண்டும், அந்த எப்போதுக்குள் படுக்கையும் வரவேண்டும்.

ஆண்களையும் இதற்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். சலப்பைக்கும் ஆணுறுப்புக்கும் போகிற நரம்புகள் முள்ளந்தண்டின் அடியில் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. சீனி அந்த நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் கெடுக்கும்போது இரண்டு பக்கமும் அடி விழும். என் வீட்டுக்காரர் மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு போய் வருகிறார். சீனி பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு சரி. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் "வீட்டில எப்படி ஐயா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் ஆறு வருஷம் விறாந்தையில் படுத்திருக்கமாட்டேன்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யுத்தத்தில் முதுகெலும்பில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எங்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சலக் குழாய் மாற்றத் தெரிந்தவர்கள் உண்டு. குழாயோடு இருப்பவனுக்கும் மனைவி இருக்கிறாள், அவர்களும் சேர்ந்து வாழலாம், அதற்கு வழிமுறைகள் உண்டு என்று சொல்லிக் கொடுக்க யார் போகிறார்கள்? அவனுக்கு இன்னும் வயது போகவில்லை.

நான் வெளியே சொல்லத் தொடங்கிய பிறகு நடந்ததுதான் எனக்கே ஆச்சரியம். போன வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு விடிய விடியக் கோயில் வெளியில் இருந்தோம். பக்கத்தில் இருந்தவள் அடிக்கடி எழும்பிப் போனாள். "உனக்கும் இந்தக் கரைச்சலாகா?" என்று மெல்லக் கேட்டேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாயில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் கதை சொன்னார்கள். ஒருத்தி இந்தப் பயத்தாலேயே கதிர்காமத்துக்கு நடந்து போவதை விட்டிருக்கிறாள். ஒருத்திக்குக் கர்ப்பப்பை அடி இறங்கி, வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போகும்போது சீலைத்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு போகிறாள். ரப்பர் வளையம் ஒன்று உள்ளே வைத்தால் தாங்கும், அதோடு கணவனோடும் இருக்கலாம் என்று சொன்னேன். "போங்க டீச்சர், பகிடி விடாதீங்க" என்றாள். காத்தான்குடியில் என்னோடு படிப்பித்த சிநேகிதி ஒருத்திக்கு இது தொழுகைக் கவலை. தொழ முதல் கழுவிச் சுத்தமாகும் உளு முறிந்து முறிந்து, ஒரு நேரத் தொழுகைக்கு மூன்று தடவை உளு எடுத்திருக்கிறாள். தொடர்ந்து கசிகிறவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை ஒரு மௌலவியிடம் கணவரை விட்டுக் கேட்டு அறிந்துகொண்டாள். ஆனால் டொக்டரிடம் கேட்க அந்தக் கணவரையும் விட முடியவில்லை.

இனி நான் கேட்பது.

பிள்ளை பிறந்த முதல் வாரங்களிலேயே மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருகிறார். பிள்ளையின் தொப்புள், தாயின் தையல், பால் குடிக்கிறதா எல்லாம் பார்க்கிறார். இந்த நாட்டில் உருப்படியாக நடக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று. அப்போதே இந்தத் தசைப் பயிற்சியையும் காட்டிக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து ஊசி போட வரும்போது, "இருமினா போகுதா? அவரோட இருக்கக்குள்ள நோகுதா?" என்று கேளுங்கள். மாமி பக்கத்தில் நிற்கும்போது மட்டும் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போக மாமியிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

முப்பத்தைந்து கடந்தவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 1996இல் தொடங்கியது, நல்ல திட்டம். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் பார்க்கும் பாப் பரிசோதனைக்கு மேசையில் படுத்திருக்கும்போது எங்களிடம் மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லை. அந்த நிமிஷத்தைவிட வசதியான நிமிஷம் உங்களுக்குக் கிடைக்காது. அப்போதே "ஒருக்கா உள்ளுக்கு இறுக்குங்க பாப்பம்" என்று சொல்லி, சரியான தசைதான் இறுகுகிறதா என்று பார்த்துச் சொல்லலாம். தாளில் அச்சடித்துத் தந்தால் போதாது. நானும் முதல் மூன்று கிழமை வயிற்றையும் பின்பக்கத்தையும் இறுக்கிக்கொண்டு மூச்சடக்கி இருந்தவள்தான். 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க டொக்டர் ஆர்னல்ட் கேகல், சரியான தசை இறுகுகிறதா என்று அளக்க உள்ளே வைக்கும் ஒரு கருவியையும் செய்துவைத்தார். விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னாலே எங்களுக்குப் போதும். அந்தத் தசை தொய்வதற்குப் பதிலாக இறுகிப்போய் நோகிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சி நோவைக் கூட்டும், அவர்கள் தளர்த்தப் பழக வேண்டும். பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் அவர்கள் பாடு என்னாவது?

வறட்சிக்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீம் இருக்கிறது என்பதை ஐம்பது தாண்டியவர்களுக்குச் சொல்லுங்கள். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் டொக்டரிடம் பேசித்தான் பாவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் பயந்து விடிய ஆறு மணி தொடக்கம் பகல் இரண்டு மணி வரை தண்ணீர் குடிக்காமல் இருந்த டீச்சர்மார் எங்களில் எத்தனை பேர்! சலம் கடுத்தால் சலப்பை இன்னும் துடிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

முக்கியமாக, தமிழ் தெரிந்த ஒரு பெண்ணை மொழிபெயர்க்க வையுங்கள். "தாம்பத்திய உறவில் அசௌகரியம்" என்றெல்லாம் கேட்காதீர்கள், எங்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே பிடிபடாது. சலம், படுக்கை, நோ. இந்த மூன்று சொல்லும் போதும்.

என் விஷயம் என்னவானது என்று கேட்பீர்கள். எட்டுத் தடவை இறுக்கி விடுவது, நாளைக்கு மூன்று முறை. பஸ்ஸில் இருக்கும்போதும் செய்தேன், கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதும் செய்தேன். மூன்று மாதத்தில் முக்கால்வாசி நின்றது. பலமான தும்மலுக்கு இன்னும் கொஞ்சம் போகும். படுக்க முதல் சலம் இருந்துவிட்டு வருகிறேன், ஒரு துவாயை விரித்துக்கொள்கிறேன். விறாந்தைப் பாயை எடுத்துச் சுருட்டி வைத்த அன்று இவர், "இப்ப வெக்கை இல்லையாக்கும்" என்றார். அன்றிரவுதான் தன் சீனிக் கதையையும் சொன்னார். அடுத்த கிளினிக்கில் அவரே டொக்டரிடம் கேட்டிருக்கிறார். மறுகா என்ன நடந்தது என்பது எங்கள் வீட்டு விஷயம்.

அடுத்த சுகவனிதையர் கிளினிக்குக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இரண்டு பேர் வீட்டில் பிரஷர் பார்க்கப் போவதாகத்தான் சொல்லிவிட்டு வருவார்கள். சீலைத்துணி சுருட்டி வைத்துக்கொண்டு வட்டைக்குப் போகிறவளும் வருகிறாள். அவள் கடைசியில்தான் உள்ளே வருவாள், "எனக்கு ஒண்டுமில்ல மிஸ், சும்மா இவங்களோட வந்தனான்" என்பாள். அவளிடம் கட்டாயம் கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு டீச்சர்