போஸ்ட்டாக் தேடலில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

கணினியியலும் உயிர்மருத்துவமும் சந்திக்கும் துறையில் முதுமுனைவர் ஆய்வுப்பணி (போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை) தேடியவர்களுக்கு நீங்கள் செய்த உதவிக்கு நன்றி. எந்த உதவி எங்கே பயன்பட்டது என்பதையும் சொன்னால்தான் நன்றி முழுமையாகும்.

மின்னஞ்சல் வரைவுகளை அடித்துத் திருத்தியவர்களே, "தங்கள் புகழ்மிக்க ஆய்வகத்தில்" என்ற தொடக்கத்தை நீக்கினீர்கள். அந்த ஆய்வகத்தின் அண்மைக் கட்டுரையில் விடைபெறாமல் நிற்கும் கேள்வி எது, அதற்கு உங்களிடம் இருக்கும் முறை எது என்று இரண்டே வரி கேட்டீர்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் இணைப்பைத் திறந்து பார்த்து, "ஓட்டும் முறையைச் சொல்லும் ரீட்மீ கோப்புகூட இல்லையே, இதை யார் ஓட்டிப் பார்ப்பார்?" என்று கடிந்துகொண்டவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

நேர்காணல் ஒத்திகைப் பேச்சுகளுக்கு வந்தமர்ந்தவர்களுக்குத்தான் பெரும் கடன். ஸ்கேனில் நோயைக் கண்டறிய ஒரு கணினி மாடலைப் பயிற்றுவிக்கும்போது, ஒரே நோயாளியின் பல ஸ்கேன்களைப் படவாரியாகப் பிரித்தால், பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் அதே ஆள் வந்துவிடுவார். மாடல் நோயை விட்டுவிட்டு ஆளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும்; துல்லியம் பொய்யாக ஏறும். நோயாளிவாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள், எண் இறங்கினால் இறங்கட்டும் என்றீர்கள். வேறு மருத்துவமனை, வேறு ஸ்கேனர் என்றால் என்ன ஆகும் என்றும் விடாமல் கேட்டீர்கள். நேர்காணலில் மருத்துவர்கள் கேட்பதும் அதைத்தான். மாடலின் நரம்பு வலையில் எத்தனை அடுக்கு என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை.

நல்கை (ஆய்வு உதவித்தொகை) விதிகளை வரி வரியாகப் படித்துச் சொன்னவர்களுக்கும் நன்றி. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் நல்கையில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் போகவிருக்கும் நாட்டிலேயே வசித்தவருக்கோ வேலை பார்த்தவருக்கோ பொதுவாக இடமில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) தரும் எஃப்32 நல்கைக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். அதே நிறுவனத்தின் கே99 நல்கைக்கு அது தேவையில்லை, ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டக்கூடாது. இயற்பியலிலோ கணினியிலோ முனைவர் பட்டம் பெற்று உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே சர்வதேச ஆய்வு நிதித் திட்டமான ஹியூமன் ஃபிரான்டியர் சயின்ஸ் புரோகிராமில் தனிப் பிரிவு இருப்பதையும் நினைவூட்டினீர்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களே, "அனுப்பிவிட்டேன்" என்ற உங்கள் ஒற்றைச் சொல் மின்னஞ்சல் எத்தனை பேரைத் தூங்க வைத்தது தெரியுமா! விண்ணப்பத் தளம் கடிதம் கேட்டுத் தானாக அனுப்பும் இணைப்பு ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடுவதுண்டு. கடிதம் வராவிட்டால் பல இடங்களில் விண்ணப்பமே முழுமையடையாது.

"இப்போது இடமில்லை" என்று மறுநாளே பதில் போட்ட ஆய்வகத் தலைவர்களுக்கும் நன்றி. அந்த ஒரு வரி வாரக்கணக்கான காத்திருப்பை மிச்சப்படுத்தியது. நோயாளித் தரவுக்கான அனுமதி கைக்கு வர மாதங்கள் ஆகலாம், ஓராண்டு ஒப்பந்தம் என்றால் அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் என எச்சரித்த போஸ்ட்டாக் நண்பர்களுக்கும்தான்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் திருத்திய வரைவுகளை, எழுதியவர்களின் சம்மதத்தோடு பெயர்களை நீக்கி, அடுத்து விண்ணப்பிப்பவர்களுக்குக் காட்ட விரும்புகிறோம். உங்கள் குறிப்புகள் அதில் இருக்க வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நன்றியுடன்,
விண்ணப்ப உதவிக் குழுவினர்