கிளிவ்டன் மாளிகையில் ஒரு பிற்பகல்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்து மறுபடியும் நீயே உன் கைப்பட எழுதியிருக்கிறாய். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே மகளும் பேரனும் நலம். குளிர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஹோட்டலாகிவிட்ட மாளிகையில் பார்க்க என்ன மிச்சமிருக்கும் என்று கேட்டிருந்தாய். நிறையவே இருக்கிறது. தேம்ஸ் ஆற்றை ஒட்டிய மேட்டில் நிற்கும் கிளிவ்டனுக்கு மகள் என்னைத் தேநீருக்கு அழைத்துப்போனாள். அங்கே இருந்த முதல் வீடு 1795இல் எரிந்தது, அடுத்தது 1849இல். அதன் பிறகு சதர்லாண்ட் கோமகனுக்காகச் சார்லஸ் பாரி கட்டியதுதான் இப்போதைய வீடு. லண்டன் நாடாளுமன்றத்தைக் கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில் எழுப்பிக்கொண்டிருந்த அதே மனிதர், இங்கே அளந்து வைத்த சன்னல்களும் தட்டையான கூரையுமாக ஓர் இத்தாலிய வில்லாவைக் கட்டியிருக்கிறார். தீக்குத் தப்பிய 17ஆம் நூற்றாண்டுச் செங்கல் மேடையை அவர் இடிக்கவில்லை. வளைவு வளைவாக நீளும் அந்த மேடைமேல்தான் புது வீடு அமர்ந்திருக்கிறது. அந்த முடிவுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

எட்டி நின்று பார்த்தால் கல் கட்டடம் என்றுதான் நீயும் சொல்வாய். உள்ளே செங்கல், மேலே ரோமன் சிமெண்ட் என்னும் அந்தக் காலத்துச் சிமெண்டின் பூச்சு. கைப்பிடிச் சுவரின் குட்டித் தூண்கள்கூடச் சுட்டமண்தான். கிட்டே போய்ப் பார்த்தேன். மூலைகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. அந்தக் கொத்தனார்களின் கைக்கு ஈடில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது மணிக்கூண்டு. 1861இல் கட்டடக் கலைஞர் ஹென்றி கிளட்டன் எழுப்பியது, 100 அடி உயரம், உச்சியில் பொன் முலாம் பூசிய சிலை. அதற்குள் இருப்பது என்ன தெரியுமா? தண்ணீர்த் தொட்டி! மாடித் தொட்டியை எங்கே மறைப்பது என்று நாம் எத்தனை வரைபடங்களைக் கிழித்துப் போட்டோம்! கிளட்டன் மறைக்கவே இல்லை. அதையே ஊர் பார்க்கும் கோபுரமாக்கிவிட்டார்.

1893இல் வீட்டை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் ஆஸ்டர், பாரிஸ் அருகே ஒரு மாளிகையிலிருந்த சுவர்ப் பலகைகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு அறை அமைத்தார். ரோமின் போர்கேசே வில்லாவிலிருந்து கல் கைப்பிடிச் சுவரையே பெயர்த்துவந்து தோட்டத்தில் வைத்தார். அழகுதான், ஆனால் இன்னொரு வீட்டைக் கழற்றி நம் வீட்டை அலங்கரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1942இல் வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது. 1980களில் ஹோட்டலானது. இதில் நீ வருந்த ஒன்றுமில்லை. ஆஸ்டர் குடும்பத்தின் காலத்திலேயே வாரக் கடைசியில் விருந்தாளிகள் நிரம்பி வழிந்த வீடு அது. இன்றும் அறைகளில் ஆள் புழங்குகிறது, அதனால் கூரைக் கசிவை உடனே யாராவது கவனிக்கிறார்கள். பூட்டிக்கிடந்து பாழான எத்தனை பங்களாக்களை நாம் அளந்திருக்கிறோம்!

உன் மகன் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை அனுப்பு. தொட்டிக்கு எங்கே இடம் ஒதுக்கியிருக்கிறான் என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
ராமநாதன்