ஸ்டிக்கர் காலத்துக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' படம் எடுத்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். 1970-இல் ஜப்பானின் ஒசாகா எக்ஸ்போ கண்காட்சி மூடுவதற்குள் ஓடிப்போய்ப் படம்பிடித்ததை அருமையாக எழுதியிருந்தீர்கள். ஆனால் ரிலீஸ் என்று வந்ததும் கட்டுரையாளருக்கு என்ன அவசரமோ, போஸ்டர் வரி ஏறியதால் ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என்னைக் கேட்டால் படத்துக்கு வந்த பெரிய கண்டமே அங்கேதான்.

எடுக்கப் போனபோது எம்.ஜி.ஆர். ஆளுங்கட்சியான தி.மு.க.காரர். படம் திரைக்கு வந்தபோது கட்சியிலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்டிருந்தார். ரிலீஸ் 1973 மே 11; அவருடைய புதுக்கட்சி முதன்முதலாக நின்ற திண்டுக்கல் இடைத்தேர்தல் மே 20. இந்த இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைக்காமல் அந்த நெருக்கடியைச் சொல்லவே முடியாது.

வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில்தான் படம். படப்பெட்டி வராது, கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்று தினம் ஒரு வதந்தி கிளம்பும். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். டி.எச். ரோட்டுச் (திருவொற்றியூர் ஹை ரோடு) சுவரில் படத்துக்கு ஒரு போஸ்டர் கிடையாது. ஆனால் ரிக்‌ஷாவின் முதுகு, டீக்கடைக் கண்ணாடி, சைக்கிள் மட்கார்டு எல்லாவற்றிலும் ஸ்டிக்கர். போஸ்டர் என்றால் ஈரம் காய்வதற்குள் உரித்துவிடலாம். இதை நகத்தால் சுரண்டினாலும் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். வாத்தியார் எம்.ஜி.ஆரின் பாதி முகம் மட்டும் மிஞ்சிய ஸ்டிக்கரோடு எங்கள் தெரு ரிக்‌ஷா ஒன்று ரொம்ப காலம் ஓடியது.

இதில் அடிபட்டவர்கள் மைதாப் பசை வாளியோடு ராத்திரி கிளம்பும் போஸ்டர் ஒட்டுகிறவர்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அதுதான் தொழில், அவரே எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றத்துக்காரரும்கூட. "வாத்தியார் ஜெயிச்சாரு, என் வாளிதான் காஞ்சிப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். முதல் நாள் விசில் அடித்ததிலும் அவருக்குக் குறைவில்லை, அது வேறு விஷயம்.

அகஸ்தியாவை 2020-இல் மூடிவிட்டார்கள். அங்கே ரீல் ஓட்டியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் சிலர் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். நடித்தவர்களின் பேட்டிதான் வேண்டிய மட்டும் வந்தாயிற்றே. கட்டுரையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக்கு வந்தால் நானே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்கிறேன். காலையில் வரச் சொல்லுங்கள், மத்தியானம் தூங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81