கோடைத் தக்காளி: மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தக்காளிப் பூ எல்லாம் உதிர்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறாய். வேறு ஒரு வரி இல்லை. சரி, பூவைப் பற்றியே சொல்கிறேன்.

அது நோய் இல்லை. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு விழும். யூரியா போடாதே, இலைதான் தழைக்கும். 50 சதவீத நிழல்வலையைச் செடியில் படாமல் உயரத்தில் கட்டு. கச்சான் காற்று அடிக்கிற பக்கம் பனையோலைத் தட்டி வை.

தண்ணீர்தான் முக்கியம். கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றாதே. இலை ஓரம் கருகும், உப்பு மண்ணிலேயே தங்கி வேரை வாட்டும். பழத்தின் அடி கறுத்து அமுங்குவதற்கும் பாதிக் காரணம் அதுதான். மீதி, ஒருநாள் காயப்போட்டு மறுநாள் கொட்டுவது. சுண்ணாம்புச்சத்து பழத்துக்குப் போய்ச் சேராது. தினமும் விடியலில் ஒரே அளவு ஊற்று. தூரில் காய்ந்த சருகு பரப்பு. குடம் விலைக்கு வாங்கித்தான் ஊற்றுகிறாய் என்றால் பத்துச் செடி எதற்கு, நாலு போதும். அரிசி கழுவிய தண்ணீரையும் வீணாக்காதே. குடத்தை நீ தூக்காதே. மீன்பிடித் தடைக்காலம்தானே, மாப்பிள்ளை வீட்டில்தானே இருப்பார்?

எதையும் கேட்டு வாங்குகிற பழக்கம் உனக்கு இல்லை. ஊரில் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பெற்றவளிடமுமா?

பழம் செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருக்காதே. இந்தச் சூட்டில் சிவப்பு ஏறாது, மஞ்சளாகவே நிற்கும், வெயில் பட்ட பக்கம் வெளுத்து வெந்துவிடும். அடியில் லேசாக நிறம் மாறியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வை. காயை ஃபிரிட்ஜில் வைக்காதே.

மிஞ்சினால் வத்தல் போடு. இரண்டாக அரிந்து, கிலோவுக்கு 25 கிராம் உப்புத் தூவி, வெட்டின பக்கம் மேலாகக் காயவை. நாலு மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிடு; கடல்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டால் பூஞ்சணம்தான். ஒட்டாமல் தோல்போல் மடிகிற வரை காயணும், நாலைந்து நாள் ஆகும். ஒரு கிலோ போட்டாலும் கொஞ்சம்தான் தேறும். பாட்டிலில் போட்டு ஒரு வாரம் கழித்துப் பார். உள்ளே வேர்த்திருந்தால் மறுபடி வெயிலில் போடு.

தொக்கு என்றால் கிலோவுக்குப் புளி 50, கல்லுப்பு 50, முண்டு மிளகாய்த்தூள் 50, நல்லெண்ணெய் 200. புளியைக் குறைக்காதே, புளிப்பும் உப்பும்தான் கெடாமல் காக்கும். எண்ணெய் பிரிகிற வரை கிண்டு. சொட்டுத் தண்ணீர் விடாதே, ஈரக் கரண்டி போடாதே.

எண்ணெயும் மிளகாய்த்தூளும் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். தூளைப் பார்த்துக் கொட்டு, பைக்குள் ஒரு கவர் இருக்கும். அதைப் பற்றி ஃபோனில் பேச வேண்டாம்.

ஜூன் 14-ல் தடை முடிந்ததும் மாப்பிள்ளை யார் படகில் போகிறார் என்றாவது எழுது.

அம்மா